கண்ணாடிக்கு முன்னால் சொன்ன சொல்

சிவமயம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
21.10.1998

அன்புள்ள மகன் சிவபாலனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலையும் கோபத்தையும் விட்டால் எனக்கு வேறு ஒரு வருத்தமும் இல்லை. நீயும் அருந்ததியும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனை வைத்த பிறகு மூன்று நாளாய் உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு திரிகிறேன். ரெலிபோனில் அந்தக் கரகர சத்தத்துக்குள் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியாது, அதனால் எழுதுகிறேன். இருந்து ஆறுதலாக முழுவதையும் வாசி, அருந்ததிக்கும் வாசித்துக் காட்டு, நடுவில் விட்டுவிட்டு முடிவுக்குத் தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு செய்தி. எங்கள் வீட்டு முன் ஹோலில் இப்போது ஒரு ஆள் குடியிருக்கிறார். பெயர் சிவக்கொழுந்து, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என் இங்கிலீஷ் வகுப்பு மாணவி. கேட்டவுடன் துள்ளாதே. வாடகைக்கு வைக்கவில்லை, விருந்துக்கும் வரவில்லை, பொலிஸில் நான் பொறுப்பு நின்று கூட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கிறேன். பார், பொலிஸ் என்றதும் எழும்பி ரெலிபோனை எடுக்கப் போகிறாய், இரு. எல்லாம் முறையாகப் பதிந்தாயிற்று, கீழ் வீட்டு றலியாவும் சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை, எரிச்சல்படத்தான் நிறைய இருக்கிறது.

பென்ஷன் எடுத்த பிறகு எதற்கம்மா இந்தக் கரைச்சல் என்று நீ கேட்கிற அந்த வகுப்பு இன்னும் நடக்கிறது. பின்னேரம் தொடங்கி இருட்ட முதல் முடித்துவிடுவேன், இருட்டினால் சந்திக்குச் சந்தி மறித்து ஐடென்ரிற்றி கார்ட் கேட்பார்கள். படிக்கிறவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்ணடெற் என்று ஒரு பெண் வருகிறாள், ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை எடுக்கவேண்டுமாம். மாளிகாவத்தையிலிருந்து ஸவாஹிர் வருகிறார், வெளிநாட்டிலிருந்து புடைவை இறக்குகிற வியாபாரி. மற்றவர்கள் முக்கால்வாசியும் விசாவுக்குக் காத்திருக்கிற எங்கட சனம். வளர்ந்தவர்களுக்குப் படிப்பிக்கிறதில் எனக்கு உயிர் போகிற இடம் எது தெரியுமா? சொற்கள் வந்துவிடும், உச்சரிப்புக்கூட இழுத்துப் பறித்து வந்துவிடும். ஆனால் பிறந்ததிலிருந்து பழகின மரியாதை முழுவதையும் அவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அந்த இங்கிலீஷுக்குள் இறக்கி வைப்பார்கள். ஸவாஹிருக்கு வெளிநாட்டுக் கொம்பனியோடு ரெலிபோனில் கதைக்கப் பழக்கிவிட்டேன். மனுஷன் எடுத்தவுடன் அந்த வெள்ளைக்காரனின் தாயின் சுகம், பிள்ளைகளின் படிப்பு, அந்த ஊர் மழை எல்லாம் விசாரித்திருக்கிறார், அவன் யாரோ விசரன் என்று வைத்துவிட்டான். எடுத்த எடுப்புலயே வெலயக் கேக்கிறது மனிசத்தனமா டீச்சர் என்று என்னிடம் வந்து நியாயம் கேட்கிறார். எனக்கு இங்கிலாந்தில் அச்சடித்த புத்தகம்தான் இருக்கிறது, அதில் இந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒருவன் வாரக் கடைசியில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறான், மற்றவன் கடற்கரைக்குப் போகப் போகிறேன் என்கிறான். இதை என் வகுப்பில் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சனிக்கிழமை சுற்றிவளைப்பு இல்லாவிட்டால் பாப்பம் ரீச்சர் என்கிறார்கள்.

சிவக்கொழுந்தக்கா தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியாவில் கொழும்புக்கு வர அனுமதிப் பாஸ் எடுத்து இங்கே வந்து, எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் இருந்தவர். ஒரே மகள் தவமலர் நீ இருக்கிற நாட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. இரண்டாவது தங்கினபோது, அம்மா பக்கத்தில் வேணும் என்று அழுது அழுது கடிதம் அனுப்பி விசாவுக்குப் போடவைத்தாள். விசாக் கந்தோரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண், இந்தப் பக்கம் அக்கா, நடுவில் தமிழை மாற்றிச் சொல்ல ஒருவர். பிள்ளைப்பெறு பார்த்துவிட்டுத் திரும்பி இலங்கைக்கு வருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா கையைக் கூப்பி, அது முருகன் விட்ட வழி பிள்ளை, நாங்கள் என்னத்தைக் கண்டம் என்று சொன்னாராம். நடுவில் நின்றவர், வருவாரா என்று அவருக்கே தெரியாதாம் என்று மாற்றியிருக்கிறார். விசா இல்லை. மாற்றினவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களில் யார் நாளைக்கு இன்னது செய்வேன் என்று அடித்துச் சொல்கிறோம்? ஸவாஹிர் இன்ஷா அல்லாஹ் என்பார், பேர்ணடெற் கர்த்தருக்குச் சித்தமானால் என்பாள், நாங்கள் பாப்பம் என்போம். அடித்துச் சொன்னால் ஆண்டவனை முந்திக்கொண்டு ஓடுகிற மாதிரி எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதுவும் இந்தச் சண்டைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். தமிழிலை சொன்னால் மாறிப்போகுது ரீச்சர், நானே நேரை இங்கிலீஷிலை சொல்லவேணும், பழக்கிவிடுங்கோ என்றார். பழக்கினேன். யெஸ், ஐ வில் கம் பேக். இதுதான் வசனம், சின்னப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் பாடமாக்கும். இவர் யெஸ் என்பார், பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும், கடைசியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கோட் நோஸ், கடவுளுக்குத்தான் தெரியும், என்று முடிப்பார். கதிரையை எதிரே போட்டு நான்தான் அந்த வெள்ளைக்காரி என்று வைத்துக் கேட்டாலும் கோட் நோஸ், பேர்ணடெற்றை இருத்திக் கேட்கவைத்தாலும் கோட் நோஸ். ஒருநாள் வந்த கோபத்தில் புத்தகத்தை மேசையில் அடித்து, அக்கா, கடவுளுக்குத் தெரியும் எண்டு அவவுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் அவ கேக்கிறா என்று கத்திவிட்டேன். அப்போதுதான் சொன்னார். இடம்பெயர்ந்த நேரம் பாதி வழியில் அவருடைய மனுஷன், மாட்டைக் கட்டினபடி விட்டுவிட்டு வந்தோமே என்று அவிழ்த்துவிடத் திரும்பிப் போனவராம். மத்தியானத்துக்குள்ளை வந்து நிப்பன், நீ சோத்தை வை எண்டு நேரம் சொல்லிப்போட்டுப் போனவர் ரீச்சர், ஷெல் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது, அதுக்குப் பிறகு என்ரை வாயிலை வருவன் எண்டு ஒரு சொல் வந்ததில்லை என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் என்ன செய்ய? கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி அக்கா, மறுபடியும் முதலிலை இருந்து என்றேன். படிப்பிக்கிறவள் இரக்கப்பட்டால் தவமலரின் பிள்ளைப்பெறு யாருக்காகக் காத்திருக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து நேரே வந்தார், நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைப் பை. இண்டைக்குக் கேளுங்கோ ரீச்சர் என்றார். கேட்டேன். என் கண்ணைப் பார்த்து, திக்காமல், தெளிவாகச் சொன்னார். வகுப்பு முழுவதும் கை தட்டியது, ஸவாஹிர் ஓடிப்போய் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு மடைச்சி, எல்லாம் என் படிப்பிப்பு என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோய் இருந்தேன். அடுத்த முறை கண்ணாடிக்கு முன்னால் அதை அப்படியே சொன்னார், விசா கொடுத்தார்கள், வைகாசியில் போனார், பேரன் பிறந்தான், தாயும் பிள்ளையும் சுகம் என்று தவமலர் ரெலிபோன் எடுத்து எனக்கு நன்றி சொன்னாள்.

அவள் அடுத்த முறை எடுத்தது நன்றி சொல்ல இல்லை. என்ன ரீச்சர் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினனீங்கள் என்று தொடங்கினாள். லோயரைப் பிடிச்சு எல்லாம் ஒழுங்குபடுத்தியாச்சு, இஞ்சை வந்த ஆக்கள் ஆர் ரீச்சர் திரும்பிப் போறவை, அம்மா பெட்டியைக் கட்டிவைச்சுக்கொண்டு இருக்கிறா, கேட்டால் கண்ணாடிக்காரிக்குச் சொல்லிப்போட்டன், நான் போகத்தான் வேணும் எண்டு நிக்கிறா என்று கத்தினாள். அவளுடைய அழுகைக்குள் பச்சைப் பிள்ளையின் அழுகையும் கேட்டது. அக்காவிடம் குடு என்று சொல்லி அவரோடு கதைத்தேன். அக்கா, அது விசாவுக்குச் சொல்லுற கதை, எல்லாரும் சொல்லுறது, பேசாமல் பேரனோடை இருங்கோ, இஞ்சை உங்களுக்கு என்ன இருக்கு, ஒரு லொட்ஜ் அறையும் ஒரு சூட்கேஸும்தானே என்றேன். அவர் கேட்டார், அப்ப நீங்கள் எனக்குப் பொய்யோ ரீச்சர் படிப்பிச்சனீங்கள்? உங்களுக்குச் சொல்ல முதல் நான் அதைப் பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டு, அதே இங்கிலீஷிலை, கற்பூரம் கொளுத்திச் சொல்லிப்போட்டெல்லோ வந்தனான் என்றார்.

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். அன்றைக்கு ரெலிபோனை வைத்துவிட்டு அந்த வசனத்தை எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் அந்தச் சொல்லை லேசாகச் சொல்கிறார்கள் என்று இல்லை, அவர்கள் நம்பித்தான் கேட்கிறார்கள். அதை லேசாகச் சொல்லப் பழகினது நாங்கள்தான், வேறு வழி இல்லாமல் பழகினோம். அக்காவுக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. அதை எந்தப் பாடத்தில் வைத்துப் படிப்பிக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, நினைக்க நினைக்க எரிச்சல்தான் வருகிறது.

சொன்ன நாளுக்கு வந்து இறங்கினார். வகுப்புக்கு சொக்லேட், எனக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை, வெள்ளவத்தை வெயிலுக்குக் கம்பளிக் காலுறை! ரீச்சர், நான் வந்திட்டன் என்று வாசலில் நின்று சிரித்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அந்தக் கிழமையே லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். அவர் மகளிடம் இருந்த காலத்தில் லொட்ஜில் தங்கப் போட்ட பொலிஸ் பதிவு முடிந்துபோயிற்று, திரும்பப் பதிய முதல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வாசிக்கிறவர்களும் இருக்கலாம். விடிந்ததும் ஸவாஹிரைக் கூட்டிக்கொண்டு போனேன், அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இன்ஸ்பெக்டர் மரியாதையான மனுஷன்தான், கதிரை தந்தார். அக்காவின் பாஸ்போட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன முத்திரை இருக்கிறது, வந்த முத்திரையும் இருக்கிறது, சிங்களத்தில் கவுத மிஸ் ஆபஹு என்னே, அதாவது யார் மிஸ் திரும்பி வருகிறது, போன ஆட்களில் ஒருவர் திரும்பி வந்ததை நான் காணவில்லை, இவரை யார் அனுப்பினது, எதற்காக அனுப்பினது என்று கேட்டார். கேட்டாயா நியாயத்தை? திரும்பி வருவேன் என்று சொல்லாததற்காக அவர்கள் உள்ளே விடவில்லை, திரும்பி வந்துவிட்டார் என்பதற்காக இவர்கள் வெளியே விடவில்லை. நான் இங்கிலீஷில் சொன்னேன், வருவதாகச் சொன்னார் சேர், அதனால் வந்தார் என்று. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, அதெல்லாம் ஒரு காரணமா மிஸ் என்றார். வேறு காரணம் என்னிடம் இல்லை, வழி முழுவதும் தேடிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

மறுநாள் பின்னேரம் விட்டார்கள், என் விலாசத்தில் இருக்கவேண்டும், நான் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு. வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர், கூப்பிட்டால் வருவீர்களா என்று அக்காவிடம் இங்கிலீஷிலேயே கேட்டார். சிவக்கொழுந்தக்கா நிமிர்ந்து நின்று, நான் பழக்கினபடி கண்ணைப் பார்த்து, யெஸ், ஐ வில் கம் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. த்ரீவீலரில் ஏறினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரீச்சர், இவைக்கும் சொல்லிப்போட்டன், இனி நான் தவமலரிட்டை எப்பிடிப் போறது என்று கேட்டார். ஸ்டேஷனில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி அப்போதுதான் அழுதார். பேரன் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்தால்தான் நித்திரை கொள்வானாம். அடுத்த கிழமை நான் திரும்பப் போய், அவர் வெளிநாடு போகவேண்டி வந்தால் போகலாமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, தாராளமாகப் போகலாம் மிஸ் என்று சொல்வித்துக்கொண்டு வந்தேன். அக்கா நம்புகிறார் இல்லை. சொன்னது தன்னுடைய வாயாம், தானே போய் நின்று விடை கேட்கவேண்டுமாம்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ அனுப்பின விசா ஃபோம் கிடைத்தது. ரெண்டு மாதம் பாத்திட்டு வரப்போறன் எண்டு சொல்லுங்கோ அம்மா, மிச்சத்தை இஞ்சை வந்த பிறகு பாப்பம், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே, என்ன கஷ்டம் என்றாய். இங்கிலீஷில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் ரெலிபோனில் எப்போது வருகிறீர்கள் அப்பாச்சி என்று இங்கிலீஷில் கேட்டு, கடைசியில் ப்ரொமிஸ் என்றாள். நான் பாப்பம் குஞ்சு என்றேன். பாப்பம் என்றால் என்ன என்று அவள் உன்னைக் கேட்டதும், இட் மீன்ஸ் நோ என்று நீ சொன்னதும் எனக்குக் கேட்டது. அவ்வளவு கரகரப்புக்குள்ளும் அது மட்டும் நன்றாகக் கேட்டது. பிறகு நீ வந்து, பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ அம்மா, ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு சொல் சொல்லுங்கோ என்று கத்தினாய். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. பாப்பம் என்றால் இல்லை என்று உனக்கு யாரடா சொன்னது? நீ சைக்கிள் கேட்டபோது அப்பா பாப்பம் என்றுதான் சொன்னார், சைக்கிள் வந்ததா இல்லையா? வெளிநாடு போகப்போகிறேன் என்று நீ சாப்பிடாமல் கிடந்தபோதும் பாப்பம் என்றுதான் சொன்னோம், போனாயா இல்லையா? மனம் முழுக்க விருப்பம் இருக்கிறது, ஆனால் என் கையில் மட்டும் இல்லை என்கிறவர்கள் சொல்கிற சொல் அது. அதை அந்தக் குழந்தைக்கு இல்லை என்று மாற்றிச் சொன்ன நீயும் விசாக் கந்தோரில் நடுவில் நின்றவரும் ஒன்றுதான். அவராவது அக்காவின் வயிற்றில் பிறந்தவர் இல்லை.

சரி, ஒரு சொல் கேட்டாய், இந்தா. வருவேன். சித்திரை வருஷப்பிறப்பு கழிந்ததும் வருவேன், வைகாசியில் சின்னவளின் பிறந்தநாளுக்கு அங்கே இருப்பேன், ஆனி முடிய முதல் திரும்பிவிடுவேன். கண்ணாடிக்கு முன்னால் நான் இதைத்தான் சொல்வேன், சொன்னால் அது சொன்னதுதான். அக்காவுக்குப் படிப்பித்த வசனத்தை நான் பொய்யாகச் சொல்லிவிட்டு அங்கே இருந்தால், இந்த ஹோலில் இருக்கிற அந்த மனுஷியின் கேள்விக்கு அது ஓம், பொய்தான் என்ற மறுமொழியாகப் போய்விடும். அதனால் போகவும் வரவும் சேர்த்து ரிக்கற் போடு, லோயரைப் பிடிக்காதே, எயார்போட்டில் நின்று என் கையைப் பிடித்து இழுக்காதே. இங்கே இருந்து என்ன கண்டீர்கள் என்று கேட்பாய். ஒன்றும் காணவில்லை, செக் பொயின்ற்றில் நின்று கால் வலிக்கிறது, வீட்டுக்கு வந்தால் பைப்பில் தண்ணீர் வராது. சின்னவளை மடியில் வைத்துச் சீப்பால் தலை இழுத்துவிட எனக்கு ஆசை இல்லை என்றா நினைத்தாய்? ஆசையாகக் கிடக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம். என்னை நிரந்தரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கிற ஃபோமை அனுப்பு, தங்கத்தான் வருகிறேன் என்று உள்ளதை எழுதிக் கேட்போம். வருஷக்கணக்கு எடுக்கும் என்றாய், எடுக்கட்டும். தவமலரிடமும் அந்த ஃபோமைப் பற்றி எடுத்துச் சொல்லு, அவள் என்னோடு கதைக்கிறாள் இல்லை, உன்னோடு கதைப்பாள்.

நீயும் அருந்ததியும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் பல்லாண்டு இருக்க அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. அருந்ததி இரவு வேலைக்குப் போகிறபோது தலைக்குக் கட்டிக்கொண்டு போகட்டும், நீ அந்த இருமலை டொக்டரிடம் காட்டு. சின்னவளுக்கு இன்றைக்கே சொல்லு, அப்பாச்சி வருவா, பிறகு திரும்பிப் போவா என்று, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லு, ஒன்றைச் சொல்லி மற்றதை ஒளிக்காதே. வழக்கமாக இந்த இடத்தில் எல்லாம் கடவுள் சித்தம் என்று எழுதித்தான் கடிதத்தை முடிப்பேன். இந்த முறை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன் தம்பி. பயமாகத்தான் இருக்கிறது.

கோபம் ஆறாத உன் அம்மா,
ஜெகதீஸ்வரி